சக்கரத்தைத் தாங்கும் குண்டுகள்

கல்லுக்குப் பட்டை தீட்டும் இயந்திரத்தில் கண்ணில் படுவது சாணைச் சக்கரம். அது தள்ளாடாமல் சுழல்வது, உள்ளே மறைந்திருக்கும் இரண்டு பேரிங்குகளால். பாடநூல்கள் இவற்றைத் ‘தாங்கி’ என்கின்றன. பட்டறையில் பேரிங் என்றே பெயர். ஒரு ஷாஃப்ட், அதைத் தாங்கும் இரண்டு பேரிங்குகள், நடுவில் புல்லி, இரு முனைகளிலும் சக்கரங்கள், அடியில் தண்ணீர்த் தட்டு, பின்னால் மோட்டார். பழைய பட்டை இயந்திரம் பெரும்பாலும் இவ்வளவுதான். வார்ப்பிரும்புச் சட்டம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். மோட்டாரைச் சரிசெய்துகொள்ளலாம். முதலில் தேய்ந்து, மற்ற எல்லாவற்றின் வேலையையும் கெடுப்பது பேரிங்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கல் சேகரிப்பதும், அவற்றை வீட்டிலேயே பட்டை தீட்டுவதும் பெரிய பொழுதுபோக்காகப் பரவின. ‘லாப்பிடரி ஜர்னல்’ என்ற இதழ் 1947இல் தொடங்கியது. ஹைலண்ட் பார்க், கவிங்டன், லார்டோன் போன்ற நிறுவனங்களின் இயந்திரங்கள் அங்கே வீட்டுக் கொட்டகைகளில் இடம்பிடித்தன. அவற்றில் பல இன்றும் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. 8 அங்குலச் சக்கரங்களும் முக்கால் அங்குல ஷாஃப்டும் கொண்ட இயந்திரம் அந்த வகைக்கு நல்ல மாதிரி. இந்த அத்தியாயம் அதையே எடுத்துக்கொண்டு, பேரிங் ஏன் கெடுகிறது, அதை எப்படி அறிவது, எப்படி மாற்றுவது, மறுபடி கெடாமல் எப்படிக் காப்பது என்று வரிசையாகச் சொல்கிறது.

குண்டு உருளும் விதம்

ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்வதைவிட உருண்டு நகர்வது எளிது. இந்த அறிவு பழையது. வண்டி அச்சுக்கு எஃகுக் குண்டுகளைப் பொருத்தும் முறைக்கு வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வான் 1794இல் காப்புரிமை பெற்றார். ஆனால் எல்லாக் குண்டுகளும் ஒரே அளவில் இருந்தால்தான் பாரம் சமமாகப் பகிரப்படும். ஒரு குண்டு சற்றுப் பெரிதாக இருந்தாலும் மற்றவற்றின் பாரமும் அதன் தலையில் விழும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் 1883இல் குண்டுகளைத் துல்லியமாக உருட்டி அரைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகே பேரிங் பெருந்தொழிலானது.

பேரிங்கின் உறுப்புகள் நான்கு: ஷாஃப்டைப் பிடிக்கும் உள்வளையம், உறையில் அமரும் வெளிவளையம், இடையே உருளும் குண்டுகள், குண்டுகளை இடைவெளி விட்டு வைக்கும் கூண்டு. வளையங்களில் குண்டுகள் ஓடும் பள்ளத்தை ஓடுதடம் எனலாம். குண்டுகளும் வளையங்களும் ஏறத்தாழ 1 சதவீதம் கார்பனும் 1.5 சதவீதம் குரோமியமும் கலந்த எஃகால் ஆனவை.

குண்டும் தடமும் தொடும் இடம் கடுகைவிடச் சிறியது. அந்தப் புள்ளியில் அழுத்தம் மிகக் கடுமையாக இருக்கும். அதைக் கணக்கிடும் வழியை 1880களின் தொடக்கத்தில் தந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டறிந்தவரும் அவரே. அந்த அழுத்தத்திலும் எஃகும் எஃகும் நேரடியாகத் தொடுவதில்லை. நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய ஏடாக நிற்கிறது. அதன் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அந்த ஏடு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். பேரிங்கின் வாழ்வும் சாவும் இந்த ஏட்டில்தான் இருக்கின்றன.

பேரிங்கைக் கொல்வது பாரமல்ல

பழைய இயந்திரத்தில் பேரிங் போய்விட்டால், வயதாகிவிட்டது என்று சொல்வது வழக்கம். கணக்குப் பார்த்தால் அது சரியில்லை. 6204 என்ற எண்ணுள்ள சாதாரணப் பேரிங்கின் இயங்குசுமைத் திறன் ஏறத்தாழ 12,800 நியூட்டன். சக்கரங்களின் எடை, பெல்ட்டின் இழுப்பு, கல்லை அழுத்தும் கை என எல்லாம் சேர்ந்து ஒரு பேரிங்கின்மேல் 400 நியூட்டன் விழுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். அது ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமம். திறனைச் சுமையால் வகுத்தால் 32. அதன் மும்மடிப்பெருக்கம் 32,768. இத்தனை மில்லியன் சுற்றுகளை அந்தப் பேரிங் தாங்க வேண்டும். நிமிடத்துக்கு 1,725 சுற்று என்றால், இது மூன்று லட்சத்துப் பதினாறாயிரம் மணி நேரம். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினால் 36 ஆண்டுகள். நாளுக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு 400 ஆண்டுகளுக்கு மேல்.

இந்தக் கணக்கு ஒரே நிபந்தனையில் நிற்கிறது: உள்ளே சுத்தமான கிரீஸ் இருக்க வேண்டும். பட்டை இயந்திரத்தில் அந்த நிபந்தனைதான் உடைகிறது. கல், தண்ணீர், சாணைத்தூள் மூன்றும் கலந்த சேறு சக்கரத்திலிருந்து தெறித்து ஷாஃப்டின் மேல் வழிந்து பேரிங்கின் வாசலுக்கு வருகிறது. அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் தூள் பேரிங் எஃகைவிடக் கடினமானது. சாணைச் சக்கரத்தின் சிலிக்கான் கார்பைடு அதையும் விஞ்சியது. எட்வர்ட் அச்சசன் 1891இல் அமெரிக்காவில் உருவாக்கிய பொருள் இது. விக்கர்ஸ் அளவில் பேரிங் எஃகின் கடினம் 750ஐ ஒட்டி இருக்க, சிலிக்கான் கார்பைடு 2,500ஐ ஒட்டி நிற்கிறது.

அளவையும் பார்க்க வேண்டும். 220ஆம் எண் சாணைத்தூளின் துகள் சுமார் 65 மைக்ரான். 600ஆம் எண் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான். மெருகேற்றும் சீரியம் ஆக்சைடுத் துகள்கூட ஓரிரு மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த எண்ணெய் ஏட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை. உள்ளே வந்த துகள் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே நசுங்கிக் குழி பறிக்கிறது. குழியின் விளிம்பு உயர்ந்து நிற்க, அடுத்து வரும் குண்டு அதன்மேல் மோதி உலோகத் துணுக்கைப் பெயர்க்கிறது. அந்தத் துணுக்கு இன்னொரு குழியைப் பறிக்கிறது.

தண்ணீர் வேறு வழியில் கெடுக்கிறது. ஓடும்போது பேரிங் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்கும். அப்போது பேரிங்கின் பக்கத்தை மூடும் சீலின் உதட்டில் நிற்கும் ஈரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இயந்திரம் ஒரு வாரம் சும்மா கிடந்தால், குண்டு தங்கிய இடத்தில் துரு பிடிக்கும். ஓட்டாமல் வைத்த இயந்திரத்தின் பேரிங் ஓடிய இயந்திரத்தினதைவிட மோசமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அறிகுறிகள்

பேரிங் தேய்ந்ததை முதலில் சொல்வது கல். குவிந்த மேற்பரப்பில் சிறு சிறு தட்டையான பகுதிகள் விழும். கையில் துடிப்பு தெரியும். மெருகேற்றும் கட்டத்தில், காரணம் புரியாத கீறல்கள் வரும். பேரிங்குகளுக்கு இடையே 300 மி.மீ. தூரமும், சக்கரம் அவற்றுக்கு வெளியே 150 மி.மீ. தள்ளியும் இருந்தால், பேரிங்கில் உள்ள 0.1 மி.மீ. ஆட்டம் சக்கரத்தில் 0.2 மி.மீ. ஆகிறது. நிமிடத்துக்கு 1,725 சுற்று என்றால் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 29 முறை அந்த ஆட்டம் கல்லை இடிக்கும். அந்த இடியில் சக்கரம் மேடு பள்ளமாகிறது. மேடு பள்ளமான சக்கரம் திரும்பப் பேரிங்கை இடிக்கிறது. சக்கரத்தை மட்டும் வைரக் கருவியால் சமப்படுத்திவிட்டுப் பேரிங்கை விட்டுவைத்தால், சில நாளில் சக்கரம் பழைய நிலைக்கே வந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பெல்ட் இருந்தால் அதன் இழுப்பு ஆட்டத்தை மறைத்துவிடும். ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால் நல்ல பேரிங் கிரீஸின் பிசுபிசுப்போடு ஒரே சீராக நகரும். கெட்டது நறநறக்கும், அல்லது ஓரிடத்தில் தடுக்கி நிற்கும். கிரீஸ் அறவே போன பேரிங் சுண்டிவிட்டால் வெகுநேரம் சுற்றும். லேசாகச் சுற்றுகிறதே என்று அதை நல்லதாகக் கொள்ளக்கூடாது. அடுத்து ஷாஃப்டின் முனையை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். புதிய 6204 பேரிங்கின் உள் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான் வரைதான். அதைக் கை உணராது. கைக்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் எப்போதோ எல்லை தாண்டிவிட்டது.

ஓடும்போது கேட்பதும் உதவும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் உறையில் வைத்துக் கைப்பிடியைக் காதோரம் ஒட்டினால், நல்ல பேரிங்கில் மெல்லிய சீரான இரைச்சல் கேட்கும். வெளிவளையத்தில் குழி விழுந்திருந்தால் குண்டுகள் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். எட்டுக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் அந்த இடி நொடிக்குச் சுமார் 90 முறை நிகழ்வதால், தாழ்ந்த குரலில் உறுமல் கேட்கும். தலைமுடி, கழுத்துத் துணி எதுவும் ஷாஃப்டின் அருகே தொங்கக்கூடாது. சீலின் ஓரத்தில் செம்பழுப்பாக நீர் கசிந்து காய்ந்திருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. உள்ளே துரு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

சரியான பேரிங்கைக் கண்டறிதல்

பேரிங்கின் எண் வளையத்தின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மில்லிமீட்டர் அளவுப் பேரிங்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையைக் குறிக்கும். 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும். ஆகவே 6204இன் துளை 20 மி.மீ. அதன் வெளிவிட்டம் 47, அகலம் 14. எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளும் முக்கியம். இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி. அது உள்வளையத்தைத் தொடாது, இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். அது உள்வளையத்தைத் தொட்டு உரசும். சேறு தெறிக்கும் இயந்திரத்துக்கு 2ஆர்எஸ் மட்டுமே பொருந்தும். ரப்பர் சீலோடு கூடிய 6204 நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை தாங்குவதால், வேகத்தைப் பற்றிய கவலை வேண்டியதில்லை. சி3 என்ற குறி உள் இடைவெளி கூடுதல் என்பதைச் சொல்கிறது. சூடாகும் மோட்டார்களுக்கு அது ஏற்றது. தண்ணீரால் குளிர்ந்தே ஓடும் பட்டை இயந்திரத்துக்கு வழக்கமான இடைவெளியே நல்லது, ஆட்டம் குறையும்.

அமெரிக்க இயந்திரங்களில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றின் ஷாஃப்ட் அங்குல அளவு. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ.; ஐந்தெட்டு அங்குலம் 15.875 மி.மீ. இவற்றுக்கு மில்லிமீட்டர் பேரிங் நேராகப் பொருந்தாது. ஆர்10, ஆர்12 போன்ற அங்குல வரிசைப் பேரிங்குகள் தேவை. மில்லிமீட்டர் வெளிவிட்டமும் அங்குல உள்துளையும் கொண்ட கலப்பு வகைகளும் கிடைக்கின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்10 பேரிங்கின் வெளிவிட்டம் 34.925 மி.மீ.; 6202இன் வெளிவிட்டம் 35 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் 75 மைக்ரான். 35 மி.மீ. குழியில் ஆர்10ஐ வைத்தால் தளர்ந்து கிடக்கும். 34.925 மி.மீ. குழியில் 6202ஐ அடித்து இறக்கினால் பேரிங் நெரிந்துபோகும், இல்லையென்றால் உறை வெடிக்கும். எண் அழிந்திருந்தால் துளை, வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, பழைய பேரிங்கையும் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். பெயர்பெற்ற கம்பெனிகளின் பெயரில் போலிகள் சந்தையில் உலவுவதால், வழக்கத்துக்கு மீறி மலிவாகக் கிடைப்பதைச் சந்தேகிப்பது நல்லது.

சில இயந்திரங்களில் பேரிங் தன் உறையோடு சேர்ந்தே வரும். அதைப் பிளம்மர் பிளாக் என்கிறார்கள். அதன் வெளிவளையம் உருண்டையாக இருப்பதால், உறை சற்றுச் சாய்ந்திருந்தாலும் பேரிங் தானே திரும்பி ஷாஃப்டுக்கு நேராக அமரும். தானே நேராகும் பேரிங் என்ற கருத்துக்குப் பின்னணியில் ஒரு நெசவாலை உண்டு. சுவீடனின் கோதன்பர்க் நகரில் அந்த ஆலை களிமண் நிலத்தின்மேல் நின்றது. தரை இறங்க இறங்க ஷாஃப்டுகள் கோணலாகிப் பேரிங்குகள் உடைந்தன. அங்கே பணிபுரிந்த ஸ்வென் விங்க்விஸ்ட், கோணலைப் பொறுத்துக்கொள்ளும் இருவரிசைக் குண்டுப் பேரிங்கை 1907இல் உருவாக்கினார். எஸ்கேஎஃப் நிறுவனம் அதே ஆண்டில் அதிலிருந்து பிறந்தது.

கழற்றுதல்

கழற்றும் முன் ஒவ்வொரு வாஷரும் ஸ்பேசரும் இருக்கும் இடத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரத்தின் சேறு காய்ந்து பொடியாகியிருக்கும். அதில் சிலிக்கா இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். எனவே காற்றடித்தோ உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தோ சுத்தம் செய்யக்கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும். மூக்குக் கவசம் கட்டாயம்.

சக்கர நட்டுகளில் ஒரு கவனம் வேண்டும். ஓடும்போது நட் தானாகக் கழலாமலிருக்க, ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையும் வெட்டியிருப்பார்கள். இது தெரியாமல் பலம் கொண்டு திருகினால் நட் இன்னும் இறுகும், மரையும் பாழாகும்.

புல்லியைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்குரூவைக் கழற்றியபின்னும் புல்லி நகரவில்லை என்றால், துளைக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பூட்டாக இருக்கட்டும் என்று ஒன்றுக்கடியில் இன்னொரு ஸ்குரூ வைத்திருப்பது உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்த புல்லிகள் சுத்தியலுக்கு உடையும். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். ஸ்குரூ அழுந்திய இடத்தில் ஷாஃப்டில் சிறு பிசிர் எழும்பியிருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அதை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திய பிறகே புல்லியையோ பேரிங்கையோ அதன்மேல் நகர்த்த வேண்டும். தேய்க்காமல் இழுத்தால் அந்தப் பிசிர் ஷாஃப்ட் நெடுகக் கோடு கிழித்துக்கொண்டு போகும். பேரிங் நடுவழியில் சிக்கும்.

துரு பிடித்து இறுகிய பேரிங்குக்குத் துரு நீக்கும் எண்ணெயைவிட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். புல்லரின் கொக்கிகள் உள்வளையத்துக்குப் பின்னால் மாட்ட வேண்டும். வெளிவளையத்தில் மாட்டி இழுத்தால் கடினப்படுத்திய எஃகு கண்ணாடிபோல் தெறிக்கக்கூடும். கண்ணாடி அணிந்து, பேரிங்கின்மேல் தடித்த துணி போர்த்திக்கொள்வது அவசியம். எதற்கும் அசையாவிட்டால், உள்வளையத்தில் சிறு சாணையால் பள்ளம் வெட்டி, உளியால் தட்டிப் பிளக்கலாம். பள்ளம் ஷாஃப்டைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும்.

ஷாஃப்டைச் சோதித்தல்

பேரிங் கழன்றதும் புதியதை மாட்டிவிடத் தோன்றும். அதற்கு முன் பார்க்க வேண்டியது பேரிங் இருந்த இடம். பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, ஷாஃப்ட் சுழல்கிறது. எனவே உள்வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் முறை வைத்து நசுங்குகிறது. அது ஷாஃப்டில் இறுக்கமாக இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதளவு நழுவும். நழுவ நழுவ ஷாஃப்டைத் தின்னும். இடத்தில் செம்பழுப்புப் பொடியும் பளபளக்கும் தேய்மானமும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. வெளிவளையத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன்மேல் பாரம் ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் உள்வளையம் இறுக்கமாகவும் வெளிவளையம் கையால் தள்ளினால் நகரும் அளவிலும் இருப்பதே விதி.

தேய்ந்த இடத்தில் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாக அடித்து மேடாக்கி, அதன்மேல் பேரிங்கை ஏற்றும் பழக்கம் உண்டு. இது வேண்டாத வேலை. பேரிங் சில முனைகளின்மேல் மட்டும் நிற்கும். சில நாளில் முனைகள் நசுங்கி மறுபடி தளரும். தேய்மானம் நூறில் ஒரு சில பங்கு மில்லிமீட்டர் மட்டும் என்றால், காற்றுப்படாத இடத்தில் கெட்டிப்படும் ரிடெய்னிங் காம்பவுண்ட் என்ற பசை போதும். அதற்கு மேல் என்றால் லேத்தில் புதிய ஷாஃப்ட் செய்துகொள்வதே சரி. இந்த இயந்திரங்களின் ஷாஃப்ட் எளிய வடிவம் கொண்டது. மீதியெல்லாம் நன்றாக இருந்தும் ஷாஃப்டைக் காட்டி இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடுவது வீண்.

புதியதை ஏற்றுதல்

ஏற்றும்போது மறக்கக்கூடாத விதி ஒன்று. எந்த வளையம் இறுக்கமாகப் போகிறதோ, அந்த வளையத்தைத்தான் தள்ள வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாய்த்துண்டை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாக உள்வளையத்துக்குப் போகும். குண்டுகள் தடத்தில் வரிசையாகக் குழி பதிக்கும். அப்படி ஏற்றிய பேரிங்கை வெட்டிப் பார்த்தால், குண்டுகளின் இடைவெளியில் சீராக அமைந்த எட்டு மங்கிய வட்டங்கள் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்தில், ஒரு சுற்றுக்கூட ஓடாமல், அந்தப் பேரிங் கெட்டுப்போயிருக்கும்.

அடியே தேவைப்படாத வழி வெப்பம். 20 மி.மீ. துளையுள்ள பேரிங்கை 60 டிகிரி சூடேற்றினால் துளை சுமார் 14 மைக்ரான் விரியும். ஷாஃப்டை உறைபெட்டியில் வைத்து 45 டிகிரி குளிர்வித்தால் அது ஏறத்தாழ 11 மைக்ரான் சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் வழக்கமான இறுக்கத்துக்குப் போதும்; பேரிங் தானாக வழுக்கிச் சென்று அமரும். சீல் உள்ள பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது. எண்ணெயில் போட்டும் தீயில் காட்டியும் சூடாக்கக்கூடாது. குளிர்ந்த ஷாஃப்டில் வியர்க்கும் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்.

இரண்டு பேரிங்குகளில் ஒன்றை மட்டும் உறையில் அசையாமல் பூட்ட வேண்டும். மற்றது பக்கவாட்டில் சிறிது நகர இடம் வேண்டும். அரை மீட்டர் ஷாஃப்ட் 30 டிகிரி சூடானால் 0.18 மி.மீ. நீளும். இரு பக்கமும் பூட்டிவிட்டால், அந்த நீட்சி முழுவதும் குண்டுகளை விலாவில் நெருக்கும்.

பெல்ட்டை வீணைக் கம்பிபோல் முறுக்கக்கூடாது. 400 மி.மீ. இடைவெளியில் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 6 மி.மீ. அளவு தாழ வேண்டும். இரு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒரு நூலை இழுத்துப் பிடித்தே பார்த்துவிடலாம்.

மற்ற இயந்திரங்கள்

கிடைத்தட்டில் பட்டை தீட்டும் இயந்திரத்தில் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலிலும் கிடைத்தட்டே பயன்படுகிறது. இந்த வகை இயந்திரத்தில் மேல் பேரிங்தான் முதலில் போகும். தட்டிலிருந்து வழியும் நீர் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு நேராக அதற்குள் இறங்கும். தட்டு சற்று ஆடினாலும் பட்டையின் முகம் தட்டையாக வராது, விளிம்பு மழுங்கும். கல் அறுக்கும் ரம்பத்தில் ஆட்டம் இருந்தால் மெல்லிய வைர அலகு வளைந்து வீணாகும். கல் உருட்டும் பீப்பாய் இயந்திரங்கள் சிலவற்றில் குண்டுக்குப் பதிலாக வெண்கலப் புஷ் இருக்கும். நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கிவைத்துக் கசியவிடும் வகை அது. அதைச் சாணைத்தூளின் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் விடக்கூடாது. மிகப் பழைய இயந்திரங்களில் ஐசக் பாபிட் 1839இல் கண்டறிந்த மென்மையான வெள்ளீயக் கலவை வார்க்கப்பட்டிருக்கும். அதற்குத் தொடர்ந்து எண்ணெய் விட வேண்டும். உருக்கி மறுபடி வார்ப்பது, ஈயப் புகை உள்ள வேலையென்பதால், தெரிந்தவரிடம் விடத்தக்கது.

முதல் ஓட்டம்

முதலில் ஷாஃப்டைக் கையால் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு சக்கரம் இல்லாமல் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பேரிங் உறை வெதுவெதுப்பாகி அங்கேயே நின்றால் நல்லது. கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ நெருக்குகிறது. நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தை மாட்டும் முன், அதைத் துளையில் விரல் நுழைத்துத் தூக்கி, மரத்துண்டால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சாணைக்கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாகத் தட்டும். 200 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 1,725 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் செல்கிறது. விரிசல் கண்ட கல் அந்த வேகத்தில் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் நிமிடம் சக்கரத்துக்கு நேராக நிற்காமல் விலகி நிற்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் என்பதால், நில இணைப்பும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இருந்தாக வேண்டும்.

சேற்றை வெளியே நிறுத்துதல்

பேரிங்கை மாற்றிவிட்டுச் சேறு வரும் வழியை அப்படியே விட்டால், புதியதும் பழையது போன வழியே போகும். முதல் காவல், பேரிங்குக்கு முன்னால் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் ரப்பர் வட்டு. ஷாஃப்டில் வழிந்துவரும் நீர் அதன் விளிம்பை அடைந்ததும் வெளிப்பக்கமாகத் தெறித்துவிடும். தடித்த ரப்பர் ஷீட்டில் ஷாஃப்டைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு வெட்டினாலே போதும். கடையில் வி-ரிங் என்றும் கிடைக்கும். இரண்டாவது காவல், தெறிப்பைத் தடுக்கும் உறைத்தகடு. பழைய இயந்திரங்களில் அது துருப்பிடித்துத் தொலைந்திருக்கும். புதிதாக ஒன்றை வளைத்துப் பொருத்த வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள பேரிங்காக இருந்தால், நிப்பிளைத் துடைத்த பிறகே கிரீஸ் துப்பாக்கியை வைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் சேற்றைத் தன் கையாலேயே உள்ளே செலுத்துவதாகும்.

மூன்றாவது காவல் பழக்கம். வேலை முடிந்ததும் முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். சக்கரத்தை ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, ஊறிய நீரை உதறவிட வேண்டும். நீரில் நனைந்தபடி நிற்கும் சாணைக்கல்லில் ஈரம் அடிப்பக்கம் இறங்கி அந்தப் பக்கம் கனத்துவிடும். மறுநாள் ஓட்டும்போது அதுவே பேரிங்கை உலுக்கும். கடைசியாகத் தட்டை வடித்து, ஷாஃப்டின் வெளிப்பகுதியைத் துடைத்துவிட வேண்டும்.

பேரிங் மாற்றுவது அரை நாள் வேலை. அதை ஆண்டுக்கணக்கில் உழைக்க வைப்பது தினமும் கடைசி ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத் தவறாமல் கொடுப்பவரின் இயந்திரத்தில் பேரிங் தன் முழு ஆயுளையும் வாழும்.